மழை நாளில் ப்ராலீன்

மழை பெய்கிற நாளில் ப்ராலீன் மிட்டாய் செய்யக் கூடாது. எங்கள் லூசியானா பக்கத்தில் சின்னப் பிள்ளைகளைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். காற்றில் ஈரம் இருந்தால் சர்க்கரைப் பாகு இறுகாது. பிசுபிசுவென்று தாளோடு ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். அன்று விடிந்ததிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெரிந்தேதான் அடுப்பில் சட்டியை வைத்தேன்.

"அத்தை, அம்மாவுக்கு ப்ராலீன்னா உசுரு, தெரியுமா?" என்றாள் ஒடீல். என் தம்பி மகள், எட்டு வயது. ப்ராலீன் பண்ணச் சொல்லிக் காலையிலேயே கேட்டவள் அவள்தான்.

"தெரியாம என்ன. கல்யாணத்தன்னிக்கே கேக்கை விட்டுட்டு அதைத்தான் தின்னுக்கிட்டு நின்னா உங்கம்மா."

அந்த அம்மாக்காரி மார்லா, என் தம்பியோடு ஒத்துப்போகாமல் ஹூஸ்டனுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. தம்பிக்குக் கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பாதி மாதம் வீட்டில் இருக்க மாட்டான். ஒடீலையும் அவள் தம்பி தெயோவையும் நான்தான் வளர்க்கிறேன். இப்போது மார்லாவுக்கு நல்ல வேலை, வீடு எல்லாம் அமைந்துவிட்டதாம். பிள்ளைகளைக் கூட்டிப்போவது பற்றிப் பேச மத்தியானம் சாப்பாட்டுக்கு வருகிறாள். பிள்ளைகள் இஷ்டம் என்று என் தம்பி கைகழுவிவிட்டான். எனக்குத்தான் வயிறு எரிந்தது. காய்ச்சலுக்குக் கண் விழித்தவள் நான், கூட்டிப்போகிறவள் அவளா?

"நானே பண்ணேன்னு சொல்லப் போறேன்" என்றாள் ஒடீல். "நல்லா வந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போவாங்க. வேலை தெரிஞ்ச பிள்ளைன்னா பாரமா இருக்காதுல்ல?"

"உன்னை யாருடி பாரம்னு சொன்னது?"

"யாரும் சொல்லல."

மழை விட்டதும் பார்க்கலாம் கண்ணு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஒட்டிக்கொள்ளும் அந்தக் கூழைப் பார்த்து மார்லா முகம் சுளிக்கட்டும், அதை இந்தப் பெண் தன் கண்ணால் பார்க்கட்டும், போகிற ஆசை கொஞ்சமாவது குறையும் என்று கணக்குப் போட்டேன். இவ்வளவு கேவலமாக யோசிக்க எனக்கு வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் கொதித்தன. மிட்டாயில் போடும் பீக்கன் கொட்டைப் பருப்பைக் காவல் காக்கச் சொன்ன தெயோவின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"டேய், எத்தனை தின்னே?"

"ஒண்ணுதான் அத்தை" என்றான், வாயைத் திறக்க முடியாமல்.

குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டேன். மிருதுவான உருண்டையாகத் திரண்டது. சட்டியை இறக்கிப் பருப்பைக் கொட்டினோம். இனி பளபளப்பு மங்கும்வரை கிண்ட வேண்டும். ஒடீல் மரக்கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கை வலித்து நடுவில் இடம் மாற்றிப் பிடித்தாளே தவிர, நான் கேட்டும் கரண்டியைத் தரவில்லை. அந்தச் சின்னத் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை, பாவி.

மெழுகுத் தாளில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றினோம். வட்டமாக விழுந்ததெல்லாம் மெல்லப் பரவி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. காத்திருந்து பார்த்தோம். தெயோ விரலை வைத்து இழுத்தான்.

"அக்கா, சளி மாதிரி வருது."

ஒடீல் அவனைத் திட்டவில்லை. "நான் சரியாக் கிண்டலையா அத்தை?" என்று கேட்டாள்.

"விடு, பாத்துக்கலாம்" என்றேன். சரியாகத்தான் கிண்டினாய் என்று சொல்லவில்லை.

அவள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை என்று போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையில் துணிமணியெல்லாம் மடித்து அடைத்து, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். அதை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் இழுப்பறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"கண்ணு, உன்மேல தப்பு இல்ல. மழைல யார் பண்ணாலும் இறுகாது."

அவள் கை நின்றது. "அப்போ நான் நல்லாத்தான் கிண்டினேனா?"

"என்னைவிட நல்லாக் கிண்டினே."

இறுகாது என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. ஒடீல் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அம்மா, மழையாலதானாம் இறுகல. நான் நல்லாத்தான் கிண்டினேனாம். அத்தையே சொன்னாங்க."

மார்லா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இந்த மழையிலயா அக்கா அடுப்பைப் பத்த வச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஒடீல் முந்திக்கொண்டாள். "நான்தாம்மா அடம்பிடிச்சேன். அத்தை எனக்காகத்தான் பண்ணாங்க."

மார்லா தாளிலிருந்து ஒரு விள்ளலைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். விரலை நக்கியபடி என் பக்கம் திரும்பினாள். "இறுகாதுன்னு தெரிஞ்சும் பிள்ளை ஆசைக்காக நின்னு பண்ணிருக்கீங்க. எனக்கு அவ்ளோ பொறுமை கிடையாது அக்கா."

அவள் குத்திக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அவள் மனசாரத்தான் சொன்னாள்.