ஏழு பேர் வண்டிக்கு என்ன ஆயில்?

எடை அளவு ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரைக் கடைக்காரர்கள் எல்லோரும் 'தராசு' என்றுதான் சொல்வார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள்; போகப்போக முகத்துக்கு நேரேயே 'தராசு சார்' ஆகிவிட்டது. அவர் தெருமுனையில் திரும்பினால் போதும், கடைக்குக் கடை எடைக்கல்லை அவசர அவசரமாகத் துடைத்து வைப்பார்கள். இப்போது அவரைப் பார்த்து யாரும் எதையும் துடைப்பதில்லை. "வாங்க சார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுகிறார்கள்.

அவர் வீட்டு வாசலில் ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டி ஒன்று நிற்கும். பதினொரு வருடத்துக்கு முன்னால் வாங்கியபோது ஏழு சீட்டுக்கும் ஆள் இருந்தது. அவர், மனைவி, மகன், மகள், கூடவே இருந்த மாமனார் மாமியார், கல்யாணமாகாத தம்பி. மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்து போய்ச் சேர்ந்தார்கள். தம்பி கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனான். மகனுக்கு வேறு ஊரில் வேலை. மகள் கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆறு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவியும் விமானம் ஏறினாள். அது ஆகிவிட்டது இரண்டு வருடமும் ஒரு மாதமும். நடுவில் இரண்டாவது குழந்தையும் பிறந்தது.

கிளம்பும்போது மனைவி சொல்லிவிட்டுப் போனது ஒன்றே ஒன்று. "ஏங்க, தினமும் வண்டிய ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வாங்க. சும்மா நின்னா பேட்டரி செத்துடும்."

சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர் அவர். தினமும் காலை ஆறரைக்கு வண்டியை எடுப்பார். பால் கடை வரைக்கும் அறுநூறு மீட்டர், திரும்ப அறுநூறு மீட்டர். ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த மூன்று நாளும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் வந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தபடி ஆயில் அளவு பார்க்க பானெட்டைத் தூக்கினார். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. எதற்கும் பார்ப்போமே என்று ஆயில் ஊற்றும் இடத்து மூடியைத் திருகித் திறந்தார். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி, வெளிர் மஞ்சளாக ஒரு பசை திரண்டு ஒட்டியிருந்தது.

யாரோ எப்போதோ சொன்ன ஞாபகம், ஆயில் பால் மாதிரி ஆனால் இன்ஜின் கதை முடிந்தது என்று. துணியால் பசையைத் துடைத்தார். மூடியை இறுக்கினார். யாராவது பார்த்தார்களா என்று தெருவை ஒரு பார்வை பார்த்தார்.

மனைவி போனில் வந்தபோது பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது, இன்னொன்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"வண்டிக்கு ஆயில் மாத்தணும்னு நினைக்கிறேன்" என்றார்.

"மாத்துங்களேன். நல்லதா பாத்து ஊத்துங்க."

"நல்லதுன்னா எது?"

"எனக்கு என்னங்க தெரியும்? கடையில கேளுங்க. இருங்க, சின்னவன் சோப்பை வாயில வைக்கிறான்... அப்புறம் பேசறேன்."

அப்புறம் பேசவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு கைக்கு நான்கு கை வேலை.

நல்ல ஆயிலைத் தேடிப் பெரிய சாலையில் இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனார். கடையை நடத்துவது ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே இருப்பவர். சுவர் முழுக்க ஆயில் டப்பாக்கள். தராசு முதலில் ஒரு டப்பாவை எடுத்து நிகர அளவு எங்கே அச்சாகியிருக்கிறது என்று பார்த்தார். விட்டகுறை தொட்டகுறை.

"என்ன நம்பர் சார் வேணும்?"

"அதைத்தான் கேக்க வந்தேன். புத்தகத்துல அஞ்சு டபிள்யூ முப்பதுன்னு போட்டிருக்கான். அதுக்குக் கீழேயே பத்து டபிள்யூ நாப்பதும் ஊத்தலாம்ங்கறான். ரெண்டுல எது?"

பக்கத்தில் பல்பு வாங்க நின்றிருந்த டாக்சிக்காரர், கேட்காமலே புகுந்தார். "எத்தனை வருஷ வண்டி சார்? பதினொண்ணா? அப்ப ரெண்டும் வேணாம். பழசுக்குக் கெட்டி ஆயில்தான். இருபது அம்பது ஊத்துங்க, இன்ஜின் கம்முனு இருக்கும்."

"கம்முனுதான் இருக்கும், ஓடாது" என்றார் கடைக்காரம்மா. "சார், டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கற நம்பர், வண்டி ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு இளக்கமா ஓடும்னு சொல்றது. சின்ன நம்பரா இருந்தா காலைல சாவி போட்டவுடனே மேல வரைக்கும் ஏறிடும். பின்னாடி நம்பர், சூடான பிறகு எவ்வளவு கெட்டியா நிக்கும்னு. உங்க இன்ஜினை வடிவமைச்சவன் எதைச் சொன்னானோ அதை ஊத்துங்க."

"நான் ஓட்டுற ஓட்டத்துக்கு அவன் வருவானா?" என்றார் டாக்சிக்காரர்.

வாக்குவாதம் அரை மணி நேரம் நடந்தது. தராசு நடுவில் நின்று இரண்டு பக்கமும் கேள்வி கேட்டார். கடைசியில், "யோசிச்சுட்டு நாளைக்கு வர்றேன்" என்று கிளம்பினார். பசையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், இன்ஜின் போச்சு சார் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

மறுநாள் போனார். பூமிக்கடியிலிருந்து எடுத்த ஆயிலுக்கும் செயற்கை ஆயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள், ஒரு கம்பெனி ஆயிலோடு இன்னொரு கம்பெனி ஆயிலைக் கலக்கலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை, திறக்காத டப்பா எத்தனை வருடம் தாங்கும் என்று. சனிக்கிழமை கேட்க எதுவும் இல்லாமல், முன்தினம் கேட்டதையே வேறு வார்த்தையில் கேட்டார். கடைக்காரம்மா சலிக்காமல் பதில் சொன்னார். நடுநடுவே வாடிக்கையாளர்கள் வந்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் அவர் தோளில் கைபோட்டுக்கூடப் பேசினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார். ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிறு விடுமுறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை ஐந்து நாளும் அவர் பார்த்துத்தான் இருந்தார். மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றபோதுதான், ஆயில் வாங்கவா இங்கே வருகிறோம் என்று அவருக்கே உறைத்தது. யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டது போல முகம் சுட்டது. வேகமாக வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு முழுக்க அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, தவறான எண்ணுக்கு அழைத்த யாருக்கோ சொன்ன "இல்லைங்க".

திங்கட்கிழமை கடைக்குப் போனதும், "அஞ்சு முப்பது, நாலு லிட்டர் குடுங்கம்மா, ஃபில்டரும்" என்றார்.

கடைக்காரம்மா டப்பாவை எடுத்து வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "என்ன சார், இன்னிக்குக் கேள்வி இல்லையா?"

"எல்லாம் கேட்டாச்சு."

"கேக்காட்டியும் வரலாம் சார். அந்த ஸ்டூல் சும்மாதான் கிடக்கு."

அவர் ஸ்டூலைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். சமாளிக்க ஏதாவது பேச வேண்டும் என்று, அதுவரை மறைத்ததைச் சொல்லிவிட்டார். "மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி இருக்கும்மா. மஞ்சளா."

"அடக் கடவுளே, அதை முதல்ல சொல்ல வேணாமா? ஒரு வாரமா டபிள்யூவுக்குப் பாடம் நடத்திக்கிட்டிருந்தேனே! பின்தெருவுல மெக்கானிக் இருக்காரு, நேரா அங்க விடுங்க வண்டிய."

மெக்கானிக் நரைத்த தாடியும் ஒடிசலான உடம்புமாக இருந்தார். மூடியைத் திறந்து பசையை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். ஆயில் குச்சியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொன்றுக்கும் தராசு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி குறையல. குச்சியில ஆயில்ல தண்ணி கலக்கல. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல சார்" என்றார் மெக்கானிக். "தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?"

"ஆயிரத்து இருநூறு மீட்டர். போக வர."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "அது நடக்குற தூரம் சார். இன்ஜின் சூடாகுறதுக்குள்ள அணைச்சுடுறீங்க. உள்ள வேர்க்குது, அந்த ஈரம் காயறதுக்கு நேரமே இல்ல. ஆயிலோட கலந்து இப்படித் திரளுது. தினம் தூங்குறவனை எழுப்பி, முகம் கழுவக்கூட விடாம திரும்பப் படுக்கச் சொன்னா எப்படி?"

"பேட்டரி செத்துடும்னாங்க."

"இப்படி ஓட்டுனா அதுவும்தான் சாகும். நீங்க வாங்கிட்டு வந்த ஆயில் சரியான ஆயில்தான். ஆனா எந்த ஆயிலும் சூடானாத்தான் வேலை செய்யும். வாரத்துல ஒரு நாள், நிக்காம முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. வீட்ல எத்தனை பேர் சார்?"

வாழ்நாளில் ஒரு கிராம் கூடக் கூட்டிக் குறைத்து எழுதாத மனிதர், "நாலு பேர்" என்றார்.

"அப்புறம் என்ன? எல்லாரையும் ஏத்திக்கிட்டு எங்கயாவது போய்ட்டு வாங்க."

பழைய ஆயில் கருகருவென்று தட்டில் இறங்கியது. புது ஆயில் தேன் நிறத்தில் உள்ளே போனது.

அடுத்த ஞாயிறு காலை அவர் கிளம்பினார். எங்கே என்று தெரியாது. பால் கடையைத் தாண்டியபோது, வண்டி தானாக நின்றுவிடுமோ என்று ஒரு கணம் தோன்றியது. நிற்கவில்லை. வெயில் ஏற ஏற, கடைகள் குறைந்து, கிடங்குகள் வந்து, பிறகு வெட்டவெளி வந்தது. சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து நடுவில் வந்து நின்றது. இரண்டு வருடத்தில் அந்த முள் அந்த இடத்துக்கு வந்து அவர் பார்த்ததில்லை. பின்னால் ஐந்து சீட் பெல்ட் கொக்கிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. ஆட்கள் இருந்த காலத்தில் அந்தச் சத்தம் கேட்டதில்லை.

சரியாக முக்கால் மணி நேரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஓரமாக நிறுத்தி ஒரு டீ வாங்கிக்கொண்டு, சிமென்ட் திட்டில் உட்கார்ந்தார். ஏதோ ஒரு குடும்பம் வண்டியிலிருந்து இறங்கி, யார் ஜன்னலோரம் உட்காருவது என்று சண்டை போட்டுவிட்டு, மறுபடி ஏறிப் போனது. அவர் போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது வழக்கமில்லை.

"என்னங்க? என்னாச்சு?" அவள் குரலில் பதற்றம்.

"ஒண்ணும் ஆகல. வெளிய வந்தேன். ஊரை விட்டு முப்பத்தெட்டு கிலோமீட்டர்."

"அங்க என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. வண்டி சூடாகணுமாம்."

அவள் ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் அவர் கேட்டுவிட்டார். "நீ எப்ப வர்ற?"

இரண்டு வருடத்தில் அவர் கேட்காத கேள்வி. கேட்டால் மகளுக்குச் சங்கடம், மாப்பிள்ளைக்குச் சங்கடம் என்று விழுங்கி விழுங்கி வைத்திருந்தது. எதிர்ப்புறம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் தனியாக வேறு அறைக்குப் போயிருக்கிறாள்.

"நீங்க கேக்கவே இல்லையே" என்றாள். "நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நல்லா இல்ல."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "சின்னவன் நடக்கட்டும். அவளுக்கும் லீவு முடிஞ்சு வேலைக்குப் போகணும், பிள்ளைகளைப் பாத்துக்க ஆள் தேடறாங்க, கிடைக்கல. இன்னும் ஆறேழு மாசம்... நிச்சயமாச் சொல்ல முடியலைங்க. நீங்க இங்க வந்துடுங்களேன். வண்டிய வித்துட்டு."

"அங்க வந்து நான் என்ன பண்ணுவேன்?"

"இங்க இருக்கலாம். என்கூட."

"பாக்கலாம்" என்றார். அவர் வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஆறேழு மாதத்தில் வரமாட்டாள் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள், சொல்லிவிட்டார்கள். அழுகிற குழந்தையின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "போ, போய்ப் பாரு" என்று அவரே போனை வைத்தார்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போனார். ஒரு வாரம் கிழக்கே, ஒரு வாரம் மேற்கே. ஞாயிறு காலையில் இப்போது அவளே கூப்பிடுகிறாள். "இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு முன்னால் மாட்டிவிட்டு, எதிரே வருவதையெல்லாம் சொல்லிக்கொண்டு ஓட்டுவார். லாரி, பாலம், பாதி கட்டி நின்றுபோன வீடு. பத்து நிமிடத்தில் அங்கே யாராவது விழித்துவிடுவார்கள், பேச்சு அறுந்துவிடும். மிச்ச தூரத்தைச் சத்தமில்லாமல் ஓட்ட வேண்டியிருக்கும்.

ஒரு ஞாயிறு மலைப்பாதையில் போனார். அழைப்பு அடிவாரத்திலேயே அறுந்துவிட்டது. பாதை வளைந்து வளைந்து ஏறியது. பின்னால் வந்த ஒருவன் பொறுமையிழந்து ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போனான். அவர் வேகத்தைக் கூட்டவில்லை. பக்கத்துச் சீட்டில் யாரும் இல்லை. என்றாலும் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை மிக மெதுவாகத் திருப்பினார். வேகமாகத் திருப்பினால் அவளுக்குத் தலை சுற்றும்.