சந்தையைக் காப்பாற்றிய வியாழக்கிழமை

எங்கள் ஓல்டர்பி சந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பாமல் இருந்திருந்தால், அது இன்னும் கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கும். வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறேன்.

என் பெயர் பெவர்லி. ஊருக்கு பெவ். சந்தைச் சதுக்கத்தில் கல் சிலுவைக்கு நேர் எதிரே முப்பத்தெட்டு வருடம் காய்கறிக் கடை போட்டவள். எனக்கு முன்னால் அப்பா, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அதற்கும் முன்னால் முதல் உலகப் போரில் ஒரு காலைப் பறிகொடுத்துவிட்டு வந்த கொள்ளுத்தாத்தா ஏமஸ். வியாழக்கிழமை என்றால் அந்த இடத்தில் உருளைக்கிழங்கு மூட்டையோடு எங்கள் வீட்டு ஆள் ஒருவர் நிற்பார். மழை, பனி, ஹிட்லர் என்று எதற்கும் நிறுத்தியதில்லை.

ஏமஸ் காலத்தில் தொண்ணூறு கடைகளாம். பின்னால் மாட்டுச்சந்தை. சாணியை மிதிக்காமல் யாரும் தேவாலயத்துக்குப் போக முடியாது. இன்று மாடு கட்டிய இடத்தில் சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. தானிய மண்டியில் யோகா கற்றுத் தருகிறார்கள். குதிரைச் சேணம் தைத்த கடையில் ஒரு வீட்டுத் தரகன் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இரும்புக் கடையில் வாசனை மெழுகுவர்த்தி விற்கிறார்கள், அதுவும் வெட்கமே இல்லாமல் 'பழைய இரும்புக் கடை' என்ற பெயரில்! உள்ளே போய் ஓர் ஆணி கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பதினோரு மதுக்கடையில் மிச்சம் ஒன்றே ஒன்று. அங்கேயும் மனுஷனைவிட நாய்க்குத்தான் உபசாரம் அதிகம்.

ரயில் நின்று அறுபது வருடமான ரயில் நிலையத்தில் ரோசலிண்ட் குடியிருக்கிறாள். லண்டனில் விளம்பரக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, பதினோரு வருடத்துக்கு முன்னால் இங்கே வந்தவள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலைச் சமையலறையில் அப்படியே வைத்திருக்கிறாள், அது வழியாக விருந்தாளிகளுக்கு ஒயின் நீட்டுவாள். வந்த ஆறாவது மாதமே எங்கள் ஊருக்கு என்ன தேவை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுப்பாள், நாங்களும் தலையாட்டிக்கொண்டு கேட்போம்.

பழியை எல்லாம் வந்தேறிகள்மேல் போட்டுவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். ஆனால் என் சொந்தத் தங்கை ஜானிஸ் இருக்கிறாளே! என் கடையிலிருந்து எண்பது அடி தள்ளி வீடு. பிளாஸ்டிக் பையில் போட்ட கேரட்டை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து தூக்கிக்கொண்டு என் கண் முன்னாலேயே போவாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏண்டி, நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேனே, உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"அங்க கார் நிறுத்த இடம் இருக்குக்கா."

"உங்கிட்ட காரே இல்லையேடி!"

"இல்லதான். ஆனா இடம் இருக்குல்ல."

இந்த மாதிரி ஜனங்களை வைத்துக்கொண்டு ஒரு சந்தை எப்படி உருப்படும்? தொண்ணூறு கடைகள் நாற்பதாகி, பன்னிரண்டாகி, கடைசியில் மூன்றில் வந்து நின்றது. காய்கறிக்கு நான், மீனுக்குக் கிழவன் கோலின், முட்டைக்கும் தேனுக்கும் பாலீன். போன வருடம் நகரமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, தரையில் வெள்ளைக்கோடு போட்ட இடங்களில் குறைந்தது மூன்று கடையாவது நிற்க வேண்டும். என்றைக்கு ஒன்று குறைகிறதோ, அன்றோடு சந்தைக்கு மூடுவிழா.

எட்டு மணிக்கு மணி அடித்துக் கடைகளை எண்ணுவது சந்தைக் கண்காணிப்பாளர் ட்ரெவரின் வேலை. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். கணக்கில் என்றுமே புலி இல்லை, ஆனால் நல்ல மனசு. பாலீனுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்த மூன்று வாரமும் அவளுடைய வெறும் மேசையை நாங்கள் விரித்து வைப்போம். அவன் அதையும் ஒரு கடையாகக் குறித்துக்கொண்டு, என் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவான். யாரும் பார்க்காதவரை எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் ரோசலிண்ட் எங்களைக் காப்பாற்ற முடிவு செய்தாள்.

முதலில் கையெழுத்து வேட்டை. 'ஓல்டர்பி சந்தையைக் காப்போம்' என்று ஒரு மனு. ஆறாயிரம் பேர் இருக்கிற ஊரில் நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்து. அடேயப்பா! என் காலிஃபிளவர் மேலேயே அட்டையை வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். "விட்டுடாத பெவ், நாங்கல்லாம் இருக்கோம்" என்று என் தோளைத் தட்டினார்கள். தட்டிய கையில் சூப்பர் மார்க்கெட் பை தொங்கியது. அந்த நாலாயிரம் பேரில் பத்தில் ஒருவர் வாரம் ஒரு முட்டைக்கோஸ் வாங்கியிருந்தால் மனுவே வேண்டியிருந்திருக்காது. பேனா பிடிக்கத் தெரிந்த கைக்குக் கோஸ் பிடிக்கத் தெரியவில்லை.

அடுத்தது மாபெரும் கூட்டம். நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் சந்தையை யாரோ எடுத்த ஒரு புகைப்படம் அவளுக்குக் கிடைத்திருந்தது. ஏமஸ் அதில் ஊன்றுகோலோடு முறைத்துக்கொண்டு நிற்கிறார். ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அந்தப் படத்தைச் சதுக்கத்தில் நிறுத்தி, ஊரைக் கூட்டி, நகரமன்றத் தலைவரை வரவழைத்து, சந்தையின் அருமையைப் புரியவைப்பது என்று திட்டம்.

அன்று காலை ஏழேகாலுக்கு நான் வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கும்போது ரோசலிண்ட் ஓடி வந்தாள். பின்னால் நாலு பேர் ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பலகையைத் தூக்கி வந்தார்கள்.

"பெவர்லி, தயவுசெஞ்சு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்ககிட்ட ஒரு சின்ன உதவி கேக்கறதுக்கே எனக்குக் கூச்சமா இருக்கு."

"அட, சொல்லுங்க."

"இந்தப் படத்தை எடுத்தவர் அங்க, பேங்க் வாசல்ல நின்னு எடுத்திருக்கார். அங்கேருந்து பாத்தா படமும் ஊரும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். அதுக்கு இது நிக்க வேண்டிய இடம்..." என் கடை இடத்தைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தாள். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க தேவாலயச் சுவர் பக்கம் போட்டுக்க முடியுமா? உங்களுக்குத் தொந்தரவா இருந்தா வேண்டவே வேண்டாம்."

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்களின் தலையெழுத்து இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவன் உங்கள் காலை மிதித்தால் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்பீர்கள். 'தொந்தரவா இருந்தா வேண்டாம்' என்று ஒருத்தி சொல்லிவிட்டால், தொந்தரவு என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. கடைக்குக் கீழே வெள்ளைக்கோடு. மூன்று கடைதான் இருக்கிறது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சந்தோஷமா நகர்றேன்."

மீன்பெட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்த கோலின் நிமிர்ந்தான். "ஏ பொண்ணே, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? கோட்டை விட்டு வெளிய போறியே!"

"ட்ரெவர் பாத்துப்பான். அவனுக்குத் தெரியாததா?"

"ட்ரெவர் பாப்பான். கூட யார் யார் பாக்கப்போறாங்கன்னு யோசிச்சியா?"

நான் யோசிக்கவில்லை. மடக்கு மேசையையும் தார்ப்பாயையும் இழுத்துக்கொண்டு தேவாலயச் சுவரோரம் போனேன். என் இடத்தில் ஏமஸின் படம் ஏறி நின்றது. பேரன் மகளைத் துரத்திவிட்டு அவர் முறைத்துக்கொண்டிருந்தார்.

ஏழே முக்காலுக்குச் சதுக்கம் நிரம்பிவிட்டது. நான் பிறந்ததிலிருந்து அங்கே அத்தனை கூட்டத்தைப் பார்த்ததில்லை. ஜானிஸ்கூடத் தொப்பி போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நகரமன்றத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் உள்ளூர் ரேடியோக்காரர்கள். எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ட்ரெவர் கையில் மணியோடும் நோட்டுப்புத்தகத்தோடும் வந்தான். என் பழைய இடத்தைப் பார்த்தான், என்னைத் தேடிப் பிடித்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பெவ், என்ன பண்ணி வெச்சிருக்க? உள்ள வா சீக்கிரம்."

"இருபது அடிதானே ட்ரெவர். எப்பவும்போல எழுதிக்கோயேன்."

"எப்பவும்போலயா? தலைவர் என் தோள்மேல மூச்சு விட்டுட்டு நிக்கிறாரு. தானும் கூடவே எண்ணிப் பாக்கணுமாம், ரேடியோவுல சொல்றதுக்கு. நான் எப்படிப் பொய் எழுதுவேன்? ஒரு மேசை போதும். படத்துக்கு முன்னால, கோட்டுக்குள்ள விரி, ரெண்டு கிழங்கைக் கொட்டு, ஓடு!"

ஓடினேன். அறுபத்திரண்டு வயதில், ஒரு மேசையை இடுக்கிக்கொண்டு, அத்தனை ஜனங்களுக்கும் "மன்னிக்கணும், மன்னிக்கணும்" சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர்களும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார்களே தவிர, ஒருத்தரும் நகரவில்லை. எல்லோரையும் தாண்டிப் படத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது, ரோசலிண்ட் அங்கே நின்று ரேடியோவுக்குப் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும், ரோசலிண்ட்..."

அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவு இனிமையாகச் சிரித்துக்கொண்டே. ஒரு நிமிஷம் என்று அர்த்தம். மைக்கில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "இந்தச் சந்தை எங்களுடைய உயிர்மூச்சு. இங்க நிக்கிற ஒவ்வொரு வியாபாரியும் எங்க சொந்தம்."

சொந்தமாகிய நான் மேசையோடு பக்கத்தில் நின்றேன். அவளை ஓர் இடி இடித்துத் தள்ளிவிட்டு மேசையை விரித்திருக்கலாம். ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். நாலு தலைமுறைக் கடை, என் பிழைப்பு, கோலின் பிழைப்பு, பாலீன் பிழைப்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது. நான் என்ன செய்தேன்? அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று, என் முறை வரட்டும் என்று காத்து நின்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மணி அடித்தது. ட்ரெவர் எண்ணினான். தலைவரும் கூடவே எண்ணினார். மீன், முட்டை. இரண்டு.

கூட்டம் கைதட்டியது. மணியும் கொண்டாட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்திருக்கும். பிறகு பேச்சுகள், பிறகு எல்லோருக்கும் இலவசமாக சாசேஜ் ரோல். சூப்பர் மார்க்கெட்காரன் அன்பளிப்பு. கோலின் அன்று விற்றது ஒரே ஒரு மீன். நான் அதுவும் விற்கவில்லை.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறார்களாம். ட்ரெவர் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு போனான். ரோசலிண்ட் ஒரு எலுமிச்சைக் கேக்கோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்து நிஜமாகவே அழுதாள். அவளுக்கு வெள்ளைக்கோட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தீர்மானத்தை எதிர்த்து நாலாயிரம் கையெழுத்து வாங்கியவள், தீர்மானத்தைப் படித்துப் பார்க்கவில்லை.

"கடைசிவரைக்கும் போராடினோம் பெவர்லி. அந்தத் திருப்தியாவது நமக்கு இருக்கு."

"ரொம்ப நன்றிங்க. கேக் பிரமாதம்." அதையும் நான்தான் சொன்னேன்.

பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. அதனால் செப்டம்பரிலிருந்து சூப்பர் மார்க்கெட்டில் வேலை. பச்சை ஏப்ரன், நெஞ்சில் பெயர் அட்டை, காய்கறி வரிசை. ஏமஸ் மாடு கட்டும் இடத்தைத் தாண்டி வந்து கடை போட்டார், நான் மாடு கட்டிய இடத்துக்கே போய்விட்டேன். முதல் வாரத்திலேயே கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேரைப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் என்னைக் கண்டதில் ஏக சந்தோஷம். ஜானிஸ் தினமும் வருகிறாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ரோசலிண்ட் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"பெவர்லி! உங்க கடை இல்லாம சதுக்கமே வெறிச்சுனு கிடக்கு. வியாழக்கிழமை ஆனா எனக்கு மனசே சரியில்ல."

"எனக்கும்தாங்க."

"அப்புறம், நீங்க இருக்கறது நல்லதாப் போச்சு. இந்தப் பார்ஸ்னிப் கிழங்கெல்லாம் எப்படிப் பாத்து வாங்கறது? எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாது."

பெரிதாக இருப்பதை ஒதுக்கினேன், அதன் நடுப்பகுதி கட்டையாக இருக்கும். கனமான, சுருக்கம் இல்லாத கிழங்காக நாலு பொறுக்கிப் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"ஓ, இவ்வளவு சுலபமா!" என்று ஆச்சரியப்பட்டு, ரொம்ப நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பதினோரு வருடத்தில் ரோசலிண்ட் என் கையிலிருந்து காய் வாங்கியது அதுதான் முதல் தடவை.