ஆடை படிந்த காபி

கடையில் பால் அலமாரி முன்னால் நின்று அவள் பெட்டிகளின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கத்தைப் படிப்பதில் பிரயோசனம் இல்லை. முன்பக்கத்தில் எல்லாப் பெட்டியும் நல்ல பிள்ளைதான். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே மாவுச்சத்து எவ்வளவு என்பது முதுகில் பொடி எழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கும். அந்தப் பொடி எழுத்து இப்போதெல்லாம் அவள் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. கைப்பேசியில் படம் எடுத்து, விரலால் விரித்துப் பெரிதாக்கிப் படித்தாள். போட்டிக் கடையிலிருந்து யாரோ வேவு பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தோ என்னவோ, கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"சக்கரை எனக்கு. காபிக்குப் பால் தேடுறேன்" என்றாள்.

அவர் முகம் இளகிவிட்டது. தன் வீட்டிலும் அதே கதைதான் என்றும், காபி டீ எல்லாவற்றையும் விட்டு வருஷமாகிறது என்றும், விட்டால் பழகிவிடும் என்றும் ஆறுதலாகச் சொன்னார்.

"நான் விடுறதா இல்ல" என்றாள் அவள்.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்பவளுக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால் அந்தப் பேட்டை முழுக்க அவளுக்கு பிரேக்கக்கா என்றுதான் பெயர். முதல் நாள் கைகால் நடுங்க வண்டியை விட்டு இறங்குகிற பெண்ணுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, கூட நின்று தானும் ஒன்று குடித்தால்தான் மறுநாள் அந்தப் பெண் திரும்பி வருவாள் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. அப்படி வெளியே டீ, வீட்டில் காபி என்று எத்தனை உள்ளே போயிற்று என்று அவள் கணக்கு வைத்ததில்லை. உடம்பு கணக்கு வைத்திருந்தது. கண் மருத்துவர் விழித்திரையில் சின்னச் சின்னக் கசிவு இருப்பதாகச் சொன்னார். சர்க்கரை இறங்கினால் இதோடு நிற்கும், இறங்காவிட்டால் முதலில் போவது ஓட்டுநர் உரிமம், பிறகு பார்வை என்றார்.

சர்க்கரை டாக்டர் ஒரு அம்மாள். கண்டிப்பானவர். சோற்றைப் பாதியாக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காபி டீயை மறந்துவிடுங்கள் என்றபோது மட்டும் தலை ஆடவில்லை. மற்றதெல்லாம் செய்கிறேன், அதை மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவு பிடிவாதம் என்றால் பாலை மாற்றுங்கள், சர்க்கரையும் மாவும் இல்லாததாகப் படித்துப் பார்த்து வாங்குங்கள் என்றார். அந்த ஒரு வாசல் திறந்ததே போதும் என்று அவள் எழுந்து வந்தாள்.

முதலில் ஓட்ஸ் பால் வாங்கினாள். காபி நுரைத்துக்கொண்டு வந்தது, ருசியும் அசலுக்குக் கிட்டத்தில் இருந்தது. மகிழ்ச்சியோடு இரண்டு குடித்துவிட்டு விரலைக் குத்திப் பார்த்தால், பசும்பால் குடித்த நாளைவிட எண் மேலே நின்றது. அன்றுதான் பெட்டியின் முதுகைப் படிக்க ஆரம்பித்தாள். சோயாப் பால் சூட்டில் பட்டதும் திரிந்துபோய்க் கட்டி கட்டியாக மிதந்தது. கணவர் டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "இதக் குடிக்கணுமா, கடிக்கணுமா?" என்று கேட்டார். தேங்காய்ப் பால் ஊற்றிய டீ, தாளிக்க மறந்த குழம்பு போல இருந்தது. பால் இல்லாமல் கடுங்காபியும் குடித்துப் பார்த்தாள். வயிறு எரிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், குடித்து முடித்த பிறகும் இன்னும் காபி குடிக்காத மாதிரியே இருந்ததுதான் பொறுக்கவில்லை.

கடைசியில் இனிப்புச் சேர்க்காத பாதாம் பாலில் வந்து நின்றாள். விரலைக் குத்தினால் எண் அசையவில்லை. ஆனால் வாயில் ஒன்றும் நிற்கவும் இல்லை. நிறம் மட்டும் காபி. ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகம் தானாகவே சுளித்துக்கொள்ளும். சுளித்தாலும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரை ஓசையோடு வைப்பாள், தோற்கவில்லை என்று டம்ளருக்கே சொல்கிற மாதிரி.

அந்தச் சுளிப்பைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவர் கணவர். லிப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில் அவள் விடியும் முன்பே முதல் பாடத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் காபி போடுவது அவர் பொறுப்பானது. அன்றிலிருந்து வீட்டில் காலைக் காபி அவருடையது. சண்டை போட்டுப் பேச்சில்லாமல் கிடந்த நாட்களிலும் காபி வந்துவிடும். அவள் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். அவள் எடுத்துக் குடித்துவிட்டால் சண்டை பாதி முடிந்தது என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அவ்வளவுதான். இப்போது அந்தக் காபியைத்தான் அவள் மருந்தைப் போல விழுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு காலை காபி நன்றாக இருந்தது. அவள் இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். மறுநாளும் நன்றாக இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் சுண்டக் காய்ச்சினேன் என்றார், பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காபியை விடச் சொன்னவர்களுக்கெல்லாம் ஒரு பதில் கிடைத்துவிட்டது. பயிற்சிக்கு வரும் பெண்களிடம் சொன்னாள், ஊரிலிருக்கும் நாத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னாள். உங்க தம்பி கை வைத்தால் பாதாமும் பசுவாகிவிடுகிறது என்று சிரித்தாள். காலையில் ஒன்றோடு நிறுத்தாமல் சாயங்காலமும் அவரையே போடச் சொன்னாள். அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தயக்கத்தை அவள் சோம்பல் என்று நினைத்தாள்.

எண் ஏறத் தொடங்கியது. முதலில் கருவிமேல் சந்தேகப்பட்டாள். பிறகு தன்மேல். இரவுச் சோற்றை அடியோடு நிறுத்தினாள், பழத்தை நிறுத்தினாள், காலை நடையைத் தூரமாக்கினாள். பசியில் கண் இருட்டியது. எண் மட்டும் இறங்கவில்லை. டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, மறைக்காமல் சொல்லுங்கள், வெளியே என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். இதே பதிலைத் தினம் நூறு பேரிடம் கேட்கிறேன் என்பது போல அவர் புன்னகைத்து மாத்திரையைக் கூட்டி எழுதினார். அந்தப் புன்னகை அவளுக்கு வீடு வரைக்கும் சுட்டது. அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம், சாலையில் விழுந்த மரநிழலை ஆள் என்று நினைத்து அவள் பிரேக்கை மிதித்தாள். ஓட்டிக்கொண்டிருந்த பெண் தான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டாள். தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் காபியை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் துணி தேய்க்கப் போனார். அவள் டம்ளரில் கை வைக்கும்போது கைப்பேசி அடித்தது. அவளிடம் ஓட்டக் கற்று, மூன்று தடவை ஓட்டுநர் தேர்வில் தோற்ற ஒரு தையல்காரப் பெண் இந்த முறை தேறிவிட்டாளாம். அழுகையும் சிரிப்புமாக நெடுநேரம் பேசினாள். பேசி முடித்துத் திரும்பியபோது காபி ஆறியிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆள்காட்டி விரலால் மெல்லத் தொட்டுத் தூக்கினாள். சுருங்கி, மடிந்து, விரல் நுனியில் தொங்கியது. இத்தனை நாளாக எத்தனையோ பாதாம் காபியை ஆறவிட்டிருக்கிறாள். ஒன்றிலும் இப்படி ஒன்று படிந்ததில்லை.

விரலை அப்படியே நீட்டிக்கொண்டு கணவர் முன்னால் போய் நின்றாள்.

"இது என்ன பால்?"

"பாதாம்தான்" என்றார் அவர், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் விரலை இறக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார்.

"பசும்பால் பாதிக்குப் பாதிதான் கலந்தேன். நீ குடிக்கிறப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் சத்தம் போடுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். தோள் இரண்டையும் குறுக்கிக்கொண்டு நின்றார். அவள் குரல் ஏறவே இல்லை.

"பட்டினி கிடந்தேங்க. உங்க கண்ணு முன்னாடிதான் பசியில சுருண்டு கிடந்தேன். அப்பவும் சொல்லல. டாக்டர் என்னைப் பொய்க்காரின்னு நெனச்சப்பவும் சொல்லல."

"நீ சந்தோஷமாக் குடிச்ச. அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல."

"நாளைக்கு எனக்கு உங்க மூஞ்சி தெரியாமப் போச்சுன்னா, அப்பவும் சந்தோஷமாத்தான் இருக்குமா?"

அவள் டம்ளரை எடுத்துப்போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். அந்த வீட்டில் அவர் போட்ட காபி கீழே போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வேலை இருக்கிறது என்றார். லிப்ட் நின்றால் படி ஏறிக்கொள்வார்கள் என்றாள். டாக்டரம்மாவின் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தான் பின்னால் நின்றுகொண்டாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் மேஜைமேல் காகிதங்கள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்தபடி, பால் பெட்டியைத் திறந்து பசும்பால் கலந்து மூடி வைத்ததைச் சொன்னார். டாக்டரம்மா இந்த முறை புன்னகைக்கவில்லை. கூட்டிய மாத்திரையைக் குறைத்து எழுதிவிட்டு, அவளைப் பார்த்து, "போன தடவை நான் உங்கள நம்பல" என்றார். அவள் தலையை ஆட்டினாள். அது பரவாயில்லை என்ற ஆட்டம் இல்லை. ஆமாம், நம்பவில்லை என்ற ஆட்டம்.

விஷயம் நாத்தனார் காதுக்கு எட்டி, அவள் நேரிலேயே வந்து இறங்கினாள். ஆசையில் செய்த பிள்ளையை ஊர் முன்னால் குற்றவாளியாக நிறுத்தலாமா என்று நியாயம் கேட்டாள். பாவம், முகம் வாடிப்போய்விட்டது அவனுக்கு என்றாள். தானே அடுப்படிக்குப் போய்ப் பசும்பாலில் சர்க்கரை போட்டு டீ கலந்து கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய்ப் பாலில் ஒன்றும் வந்துவிடாது, எல்லாவற்றையும் மறந்து இதைக் குடி என்றாள். கணவர் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, எனக்காக யாரும் ஆசையா எதுவும் செய்ய வேண்டாம். கேட்டுட்டுச் செஞ்சாப் போதும்" என்றாள் அவள்.

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அவள் வாங்கவில்லை. நாத்தனார் வேறு வழியில்லாமல் அந்த டீயைத் தானே குடித்தாள். குடிக்கும்போது ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் சர்க்கரை உண்டு என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

இனி காபியைத் தானே போட்டுக்கொள்வது என்று அவள் முடிவு செய்தாள். பாதாம் பாலின் தண்ணீர்த்தனம் மட்டும் அப்படியே இருந்தது. பயிற்சிக்கு வரும் பெண்களில் ஒருத்தி கேக் செய்து விற்பவள். பயிற்சி வண்டியின் பின் இருக்கையில் ஒருநாள் அவள் வாங்கி வந்த கிரீம் பெட்டிகள் கிடந்தன. சும்மா இருக்க முடியாமல் பிரேக்கக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் படம் பிடித்து விரித்துப் பார்த்தாள். கொழுப்பு மலையாக இருந்தது, மாவு கடுகளவு இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டு, ஒரு ஸ்பூன் சேர்க்கலாமா என்று கேட்டாள். ஒன்றுதான், குவித்து அள்ளக் கூடாது என்றார் அவர். மறுநாள் காலை பாதாம் பாலைக் கொதிக்க விடாமல் சூடாக்கி, கிரீமை அதில் கரைத்து, டிகாக்‌ஷனைக் கடைசியாக ஊற்றினாள். அசல் காபி இல்லை. அசலின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம். ஆனால் வாயில் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினாள். எண் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆளில்லாத அடுப்படியில் நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

கணவர் தனக்கும் காபி போட்டுக்கொள்வதை நிறுத்தியிருந்தார். காலையில் தண்ணீர் குடித்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அவள் கேட்கவில்லை. தண்டனை அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. எடுப்பதும் அவர் பாடு என்று விட்டுவிட்டாள். இரவில் அருகில் படுத்திருக்கும்போது மட்டும், அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. சில நாள் அவளுக்கும் கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. பட்டினி கிடந்த நாட்கள் நினைவுக்கு வந்து கை திரும்பிவிட்டது.

கண் பரிசோதனைக்கு முந்தின வாரம் ஒரு காலை அவள் அடுப்படிக்கு வந்தபோது, மேடைமேல் ஒரு புதிய பாதாம் பால் பெட்டி இருந்தது. மூடியின் முத்திரை உடையவில்லை. பக்கத்தில் கத்தரிக்கோல். பெட்டியின் முதுகு அவள் பக்கமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. பொடி எழுத்தில் மாவுச்சத்து இருக்கும் வரியின் கீழே பேனாவால் கோணலாக ஒரு கோடு இழுத்திருந்தது. கணவர் வாசற்படியில் நின்றார், உள்ளே வரவில்லை.

"சரியா இருக்கான்னு நீயே பாரு" என்றார்.

அவள் பெட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தாள். கைப்பேசி அறையில் இருந்தது. எடுத்து வரப் போகவில்லை. கண்ணைச் சுருக்கி, பெட்டியைக் கிட்டே கொண்டுவந்து, தள்ளிப் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து, அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். அவர் வாசற்படியிலேயே காத்துக்கொண்டு நின்றார்.