தலைவருக்கு ஐந்து வயதில் ஓர் அம்மா

போன வருஷம் தெற்கிலிருந்து இரண்டு பேர் விமானத்தில் வந்து இறங்கி, வட துருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் வீடில்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெருத்தெருவாக எண்ணினார்கள். ஒருத்தர்கூட இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். மைனஸ் நாற்பதில் எவளாவது தெருவில் படுத்திருந்தால் அவளை எண்ண முடியாது, எடுத்துப் புதைக்கத்தான் முடியும். வீடில்லாத பெண்கள் எல்லோரும் அடுத்தவர் வீடுகளுக்குள் இருந்தார்கள். என் வீட்டில் மட்டும் இரண்டு பேர்.

ஒருத்தி என் சித்தி மகள் ஊலூசி. இன்னொருத்தி அவள் மகள் நிவியாக், ஐந்து வயது. புருஷன் அடாமி அவள் பல் இரண்டை உடைத்த அன்று ஊலூசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வீடு அவன் பெயரில் இருந்தது. மூன்று படுக்கையறை உள்ள அந்த வீட்டில் இன்றைக்கும் அவனும் அவன் டிவியும் சௌகரியமாகக் குடியிருக்கிறார்கள். இரண்டே அறை உள்ள என் வீட்டில் நாங்கள் பதினோரு பேர், முறை வைத்துத் தூங்குகிறோம். என் மகன் சுரங்க வேலைக்குப் போகும் இரண்டு வாரம் ஊலூசிக்கும் பிள்ளைக்கும் அவன் கட்டில், அவன் வந்துவிட்டால் சமையலறைத் தரை. எனக்கு முன்னால் ஆறு வீடுகளின் தரையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வாடகை வீட்டுக்கு விண்ணப்பம் போட்டால், "நேற்று எங்கே தூங்கினீர்கள்?" என்று ஒரு கேள்வி. "சீபா வீட்டில்" என்று என் பெயரைப் போட்டு உண்மையை எழுதினாள், பைத்தியக்காரி. அப்படியானால் வீடு இருக்கிறதே என்று பட்டியலின் அடியில் போட்டுவிட்டார்கள்.

பிப்ரவரியில் குழந்தைகள் நல அலுவலகத்துக்காரி வந்தாள். மாதக் கடைசிக்குள் பிள்ளைக்கென்று சொந்தமாக ஒரு படுக்கை இல்லாவிட்டால் நிவியாக்கைத் தெற்கே யாரோ ஒரு குடும்பத்திடம் அனுப்பிவிடுவோம் என்று சிரித்த முகத்தோடு சொன்னாள். பிள்ளையை விமானம் ஏற்ற அரசாங்கத்துக்கு வக்கு இருக்கிறது, ஒரு கட்டில் போட்டுக்கொடுக்க வக்கில்லை. அவள் போனபின் ஊலூசி தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலுறைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அக்கா, இவளையும் கொண்டுபோயிட்டா நான் இருக்க மாட்டேன்" என்றாள்.

"வாய மூடு. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். எதற்கு இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரியும். வீட்டு வசதி அலுவலகத்தில் காலி வீடுகளைத் துடைப்பது என் வேலை. 214-ஆம் எண் வீடு கிறிஸ்துமஸிலிருந்து காலியாக இருந்தது. குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்க ராப்பகலாக ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் குழாயாய்ப் பிறந்திருந்தால் மரியாதையாக வாழலாம். அந்த வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று ஐந்து பேர் குழு அந்த வியாழன் கூடுவதாக இருந்தது. தலைவர் மார்க்கூசி.

மார்க்கூசிக்கு அறுபத்தொரு வயது. அவருடைய அம்மா நிவியாக் இறந்த மாதம்தான் ஊலூசியின் பிள்ளை பிறந்தது, அதனால் அந்தப் பெயர் இவளுக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. மார்க்கூசி அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார். வேட்டையாடி வரும் ஒவ்வொரு கடல்நாயின் ஈரலிலும் முதல் துண்டு அவளுக்கு. சின்ன வயதில் புகையிலை திருடியதை அவளிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டிருக்கிறார். மூன்று வயதில் அவள் பெருந்தன்மையாக மன்னித்தாள்.

அப்படிப்பட்ட தாயை மகன் தரையில் படுக்க விடுவாரா? வியாழக்கிழமை மதியம் நிவியாக்குக்குத் தலை வாரி, ஊலூசியையும் இழுத்துக்கொண்டு, கூட்டம் நடக்கிற அறைக்குள் நேராக நுழைந்தேன். எவ்வளவு பெரிய மூளைக்காரி நான் என்று எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

அலுவலக மேலாளர் டெரெக் தெற்கத்திக்காரன், வந்து இரண்டு வருஷம். எல்லாக் கூட்டத்திலும் ஜெபம் முடிந்ததும் அவன் ஒரு விதியை உரக்கப் படிப்பான். விண்ணப்பிக்கிற குடும்பத்தில் ஒருவர் குழுவில் யாருக்காவது பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்றால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். எவனோ மச்சானுக்கு வீடு கொடுத்ததில் வந்த விதி. அன்றைக்கும் படித்தான். நான் காதில் வாங்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி நிவியாக் மேசையைச் சுற்றிப் போய் மார்க்கூசியின் முழங்கையை இழுத்தாள்.

"மகனே, எனக்கு ஒரு வீடு குடுடா. சீபா வீட்டுத் தரை குளுருது."

மார்க்கூசியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இவங்க எங்க அம்மா. விதிப்படி நான் இங்க உக்காரக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"ஐயய்யோ, உக்காருங்க! இப்ப போயா நேர்மை வந்து தொலையணும்?" என்று கத்தினேன்.

டெரெக் வாயைப் பிளந்தான். "அது அஞ்சு வயசுப் பொண்ணு!"

"அஞ்சு வயசுதான். அம்மாதான்" என்று வாசலிலிருந்து பதில் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். உறுப்பினர் லீட்டியாவும் எழுந்தாள். "மார்க்கூசிக்கு அம்மான்னா எனக்கும் அம்மாதானே? நான் அவன் தங்கச்சி." அவளும் போனாள். மூன்றாவதாகக் காவ்னாக் கிழவர் கையைத் தூக்கினார். செத்த நிவியாக் அவருக்குக் கூடப்பிறந்த அக்கா. பிள்ளையின் தலையைத் தடவி, "வரேன்க்கா" என்று விடைபெற்றுக்கொண்டு போனார். அறையில் இரண்டு உறுப்பினர்கள் மிஞ்சினார்கள். மூன்று பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது. டெரெக் காகிதங்களைத் தட்டி அடுக்கி, அடுத்த கூட்டம் மே மாதம் என்றான்.

என் புத்தியை எதால் அடிப்பது? நானே மகாராணி மாதிரி கூட்டிக்கொண்டு போய், நானே காரியத்தைக் கெடுத்தேன். ஊலூசி திட்டியிருந்தால் தேவலை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசக் கடைசிக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

வெளி வராந்தாவில் மார்க்கூசி குனிந்து நிவியாக்கின் காலணியை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். வந்த கோபத்துக்கு அவரைத்தான் பிடித்தேன்.

"விதியாம், வெங்காயமாம்! பெத்தவள தெக்க ஏத்தி அனுப்பப் போறாங்க, நீங்க கண்ணாடி தொடச்சிக்கிட்டு நில்லுங்க!"

அவர் நிமிரவில்லை. காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார். "சீபா, கத்தாத. உள்ள நான் தலைவர். நீதான் என்னை வெளிய அனுப்பிட்டியே. இப்ப நான் வெறும் மகன். 214 சாவி உங்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. இடுப்பிலேயே தொங்கியது.

பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பனியில் முன்னால் நடந்தார். லீட்டியா ஊலூசியின் பையைத் தூக்கினாள். காவ்னாக் கிழவர் தன் வீட்டிலிருந்து ஒரு மெத்தையைப் பனி வண்டியில் இழுத்து வந்தார். டெரெக் கையுறைகூட இல்லாமல் பின்னால் ஓடிவந்தான், பாவம்.

"மார்க்கூசி, இது சட்டவிரோதம்! நான் வெளியேத்த வேண்டியிருக்கும்!"

"வெளியேத்து. தப்பே இல்ல. அதுக்கு என்ன வேணும்?"

"குழுவோட தீர்மானம் வேணும்."

"எத்தன பேர் உக்காரணும்?"

டெரெக் "மூணு" என்று ஆரம்பித்து நிறுத்தினான். மார்க்கூசியைப் பார்த்தான், லீட்டியாவைப் பார்த்தான், மெத்தையைப் பிடித்துக்கொண்டு மூச்சுவாங்கிய கிழவரைப் பார்த்தான். நீலம் பாய்ந்த விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டான்.

"நீங்க மூணு பேரும் மறுபடி எழுந்து போயிடுவீங்க" என்றான்.

"விதின்னா விதிதானே தம்பி" என்றார் கிழவர்.

டெரெக் மெத்தையின் மறுமுனையைப் பிடித்து உள்ளே தூக்க உதவினான். வாடகைப் பத்திரத்தை நாளைக்குக் கொண்டுவருவதாகவும், அதில் தற்காலிகம் என்று போடப்போவதாகவும் முறைப்பாகச் சொன்னான். எங்கள் ஊரில் தற்காலிகம் என்று கட்டிய பள்ளிக்கூடத்துக்கு நாற்பது வயதாகிறது.

எல்லோரும் போனபின் நான் வீட்டுக்கு ஓடி ஒரு கெட்டிலும் தேயிலையும் சட்டியில் சுட்ட பானக் ரொட்டி கொஞ்சமும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். 214-இன் கதவுப் பிடியைத் திருகினேன். திறக்கவில்லை; சாவியை ஊலூசியிடம் கொடுத்துவிட்டிருந்தேன். எங்கள் ஊரில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை, பேசாமல் உள்ளே போய்விடுவோம். கதவைத் தட்டுவது போலீஸும் தெற்கத்திக்காரர்களும்தான். நானோ கெட்டிலோடு பைத்தியம் மாதிரி வெளியே நின்றேன். வேறு வழியில்லாமல், ஐம்பது வயதில், முதல்முறையாக ஒரு கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றாள் ஊலூசி உள்ளிருந்து.

"நான்தாண்டி, சீபா! கதவ ஏன் பூட்டினே? குளுருல சாகறேன்!"

வெறும் தரையில் நிவியாக் திடுதிடுவென்று ஓடுகிற சத்தம் கேட்டது, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, அங்கிருந்து மறுபடி இங்கே. பிறகு கதவுக்கு மிக அருகில் ஊலூசியின் குரல் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம் வெளிய இரு, அக்கா. என் கதவ இன்னும் கொஞ்ச நேரம் பூட்டியே வச்சிக்கிறேன்."

நல்லா வச்சிக்கடி என்றேன். மூக்கு உறைந்துவிட்டது, ரொட்டி கல்லாகிவிட்டது. நான் படியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.