தலைமை எழுத்தருக்கு நிழல் தீட்டிய விவரம்

டிராயிங் டீச்சரின் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்குத் தட்டையாகிப்போனார். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதால் தெருவில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள். இவரைப் பற்றிப் பேச்சு வர மத்தியானம் ஆகிவிட்டது. உயரம் குறையவில்லை, அகலமும் அப்படியே இருந்தது. பருமன் மட்டும் போய்விட்டது. நேரே பார்த்தால் எப்போதும் போல மீசையும் வழுக்கையுமாக இருந்தார், மூக்கு இருந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு. பக்கவாட்டில் பார்த்தால் ஆளே ஒரு கோடு. போர்வையை உதறி மடிக்கப்போன டீச்சர் அவரையும் சேர்த்து நாலாக மடித்திருப்பார். மீசை கண்ணில் பட்டதால் நிறுத்தினார். கணவர் எழுந்து நின்று சட்டையைப் போட்டுப் பார்த்தார். "சட்டை தொளதொளன்னு இருக்கு. துவைச்சுத் துவைச்சு இழுத்துவிட்டுட்ட," என்றார். வேறு குறை எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். உரிமம் கேட்டு வருகிறவர்களிடம் எந்தத் தாள் குறைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவர் வேலை. குறையாத நாள் கிடையாது. மனைவியின் வேலையைப் பற்றிக் கேட்டால், "பிள்ளைங்களை ஆப்பிள் வரையச் சொல்லிட்டு இவ உக்காந்திருப்பா," என்று பத்தொன்பது வருடமாக ஒரே பதிலைச் சொல்லிவந்தார். டீச்சர் உண்மையில் அவ்வளவு நேரம் உட்கார வாய்ப்பில்லை. டிராயிங் பீரியட் தொடங்கி ஐந்தாவது நிமிடம் கணக்கு சார் வாசலில் வந்து நின்று, "போர்ஷன் முடியல டீச்சர்," என்பார். அந்தப் பள்ளியில் கணக்குப் போர்ஷன் எந்தக் காலத்திலும் முடிந்ததில்லை. கிடைத்த ஐந்து நிமிடத்தில் டீச்சர் ஓவியத்தின் அடிப்படைக் கூறுகள் ஏழு என்று பலகையில் எழுதிப்போடுவார்: கோடு, வடிவம், உருவம், நிறம், ஒளிநிழல், சொரசொரப்பு, வெளி. வட்டம் வெறும் வடிவம். அதற்கே ஒரு பக்கம் நிழல் போட்டால் பந்து, அது உருவம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கணக்கு சார் பலகையை அழித்திருப்பார்.

எலும்பு டாக்டர் முன்பக்கம் ஒரு எக்ஸ்ரேயும் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தார். முன்பக்கத்தில் எல்லா எலும்பும் கணக்குச் சரியாக இருந்தது. பக்கவாட்டுப் படத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. டாக்டர் முதல் படத்தை மட்டும் கவரில் வைத்து, 'நார்மல்' என்று எழுதினார்.

"வயித்துல தொந்தரவு எதாவது இருக்கா?"

"வயிறே இல்லியே டாக்டர்."

"அப்ப கேஸ் டிரபிள் வராது. ஃபேனுக்கு நேரா நிக்காதீங்க. ஆறு வாரம் கழிச்சு வாங்க."

அலுவலகத்தில் சூப்பிரண்டென்ட் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். காய்ச்சலுக்கு விடுப்பு உண்டு, எலும்பு முறிவுக்கு உண்டு, தட்டையாவதற்கு இல்லை. எனவே தலைமை எழுத்தர் மறுநாளே வேலைக்குப் போனார். சாவி தொலைந்த அறைக்குள் கதவிடுக்கு வழியாகப் போய்வர முடிந்ததால் அவருக்கு அலுவலகத்தில் முன்பு இல்லாத மரியாதை கூடக் கிடைத்தது. கவுன்டரில் உட்கார்ந்தார். வந்தவர்கள் நேரே நின்றுதான் பேசினார்கள். அந்த அலுவலகத்தில் ஆழமான ஆளை அவர்கள் எப்போதுமே எதிர்பார்த்ததில்லை என்பதால் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில்தான் மாற்றம் தெரிந்தது. அது இரண்டு அறை வீடு. ஜன்னல் இருந்த அறையில் அவருடைய சாய்வு நாற்காலியும், அதில் அவரும், அவரைச் சுற்றிப் பழைய செய்தித்தாள்களும் இருந்தவரை வேறு எதற்கும் இடமில்லை. இப்போது அவருக்கு நாற்காலி ஒத்துவரவில்லை, உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தார். உடம்பில் சொரசொரப்பே இல்லாததால் தோளில் போட்ட துண்டும் நிற்கவில்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொள்வதே சௌகரியம் என்று அவரே சொன்னார். டீச்சர் நாற்காலியை வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில், கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய, படம் வரையும் தாங்கியான ஈசலைக் கொண்டுவந்து நிறுத்தினார். இடது பக்க ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தது. பள்ளி விட்டு வந்ததும் இரண்டு மணி நேரம் வரைந்தார். கட்டிலில் கை கால் நீட்டிப் படுத்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து அவ்வப்போது, "காப்பி உண்டா?" என்று குரல் வரும். மற்றபடி குறை சொல்ல முடியாத இரண்டு மாதங்கள்.

இதைக் குறை சொல்வதற்கென்றே நாத்தனார் பஸ் ஏறி வந்தார். அண்ணனை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். "எங்க வீட்டுல இருந்தப்போ அண்ணன் எப்படி இருந்தாரு தெரியுமா? நீங்க சரியா கவனிக்கல அண்ணி," என்றார். நாத்தனார் சமைத்துப்போட்ட பத்து நாளில் அவர் கொஞ்சம் அகலமானார். பருமன் வரவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் எதுவும் சேராமல் ஓரமாக மட்டும் பரவுகிறார் என்பதைக் கண்ட நாத்தனார், சமையலை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை தலைமை எழுத்தர் வீடு திரும்பவில்லை. டீச்சர் முதல் நாள் அதைக் கவனிக்கவே இல்லை, அலமாரிக்குப் பின்னால் இருக்கிறார் என்று நினைத்தார். இரண்டாம் நாள் காப்பிக் குரல் வராததால் எட்டிப் பார்த்தார். நடந்தது இதுதான்: மேஜையில் குனிந்து ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தவரை ஃபேன் காற்று அதே கோப்புக்குள் தள்ளிவிட, ஆபீஸ் உதவியாளர் கோப்பை மூடி நாடா கட்டி மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். உள்ளேயிருந்து இவர் கத்தியிருக்கிறார். கோப்புக்குள்ளிருந்து குரல் வருவது அங்கே புதிதில்லை, பொதுமக்கள் என்று விட்டுவிட்டார்கள். மூன்று மேஜைகளில் மூன்று நாள் கிடந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் தானே நடந்து வீடு வந்து, அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டீச்சர்தான் அவரை வெளியே அழைத்து வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். நெஞ்சில் 'பார்வையிடப்பட்டது' என்று ஊதா மையில் முத்திரை. அதன் கீழே யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்து. இடது தோளில், நாடா கோப்பதற்காக மெஷினால் போட்ட ஓட்டை. அதன் வழியாகப் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

"வலிச்சுதா?"

"குத்தினப்போ வலிச்சுது." ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ வட்டத்தைப் பந்தாக்குவேன்னு சொல்லுவியே. என்னையும் அப்படி எதாவது பண்ண முடியுமா?" என்றார்.

டீச்சர் சொன்னார், "முதல் நாளே எனக்குத் தோணிச்சு. சொல்லல."

"ஏன்?"

"வீட்டுல இடம் இருந்துச்சு."

தட்டையான முகத்தில் என்ன தெரியும். ஒன்றும் தெரியவில்லை. கணவர் ஜன்னல் எதிரே சுவரோடு போய் நின்றார். டீச்சர் கையில் கரித்துண்டை எடுத்துக்கொண்டு நெடுநேரம் அவரையே பார்த்தபடி இருந்தார்.

கோட்டில் சிக்கல் வரவில்லை. முழங்கைப் பக்கம் விளிம்பு பிசிர் விட்டிருந்தது, அதை ஒரே இழுப்பில் சரிசெய்தார். சிக்கல் நிழலில் வந்தது. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்தால்தானே நிழல் போட முடியும். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதருடைய கண் எவ்வளவு உள்ளே இருந்தது, தாடை எந்த இடத்தில் திரும்பியது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தார். போட்டோக்காரர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்ததில், அதிலும் மாப்பிள்ளை தட்டையாகத்தான் இருந்தார். கடைசியில் நாத்தனாரைக் கூப்பிட்டார். அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே கன்னம். நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடாமல், அசையாமல், மூன்று மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்தார். அந்தத் தெருவில் இன்றுவரை அதிசயம் என்று பேசப்படுவது இந்த ஒன்றுதான்.

பதின்மூன்று நாள் ஆனது. வெறும் கறுப்பு போதவில்லை, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஒன்பது சாம்பல் வேண்டியிருந்தது. மூக்கின் இடது பக்கம் வெளிச்சம் விழுந்ததும் வலது பக்கம் தானாக எழும்பியது. தோள் உருண்டது. சட்டை நிரம்பியது. முத்திரையை, ஓவியர்கள் ரப்பருக்குப் பதில் வைத்திருக்கும் ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஓட்டையைச் சுற்றி மட்டும் எதுவும் போடாமல் விட்டார், அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று கணவரே சொன்னார். எல்லாம் முடிந்ததும் நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "முன்னைக்கு இப்ப லட்சணமாத்தான் இருக்காரு," என்று ஒப்புக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினார்.

நேரே பார்த்தால் முழு ஆள், பக்கவாட்டில் இன்னும் அதே கோடு. முதுகுக்கும் நிழல் போடலாமா என்று டீச்சர் கேட்டபோது, "இடம் அடைக்கும். வேண்டாம்," என்றார் கணவர். ஈசல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரே ஒரு அசௌகரியம், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தாலும் அவர் முகத்தில் மட்டும் இடது பக்கம்தான் விழுந்தது. உச்சி வெயிலிலும் வலது கன்னம் நிழலாக இருக்கும். பொதுமக்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். உரிமத்துக்கு ஆறு மாதம் காத்திருக்கப் பழகியவர்களுக்கு ஒரு கன்னம் பெரிய விஷயமில்லை. சூப்பிரண்டென்ட் ஒருமுறை வீட்டுக்கே வந்து, தனக்கும் கொஞ்சம் ஆழம் கூட்டித்தர முடியுமா என்று கேட்டார். டீச்சர் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கோட்டுலேர்ந்தே ஆரம்பிக்கணும் சார். லீவ் விட்டதும் பார்க்கலாம்," என்றார். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு போனார்.

கரி உதிரும். ஆகவே ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் அவர் ஜன்னல் எதிரே நிற்பதும், டீச்சர் உதிர்ந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்வதும் வழக்கமானது. முதல் வருடம் அவர் அந்த நேரத்தில் செய்தித்தாள் படித்தார். தாள் முகத்தை மறைக்கிறது என்று டீச்சர் பிடுங்கிப்போட்ட பிறகு, பார்ப்பதற்கு எதிரே மனைவியின் முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் அதைப் பார்த்தார். இப்படிப் பதினோரு வருடம் பார்த்தார்.

டீச்சர் ஓய்வு பெற்ற நாளில் பள்ளியில் கூட்டம் நடந்தது. அவர் பள்ளிக்கே வண்ணம் சேர்த்தவர் என்று தலைமை ஆசிரியர் பேசினார். பேசிக்கொண்டே, அந்த இடத்துக்கு இனி ஆள் போடப்போவதில்லை, பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தாகிவிட்டது என்பதையும் மகிழ்ச்சியுடன் அறிவித்தார். கணக்கு சார்தான் முதலில் கைதட்டினார். போர்ஷன் இனியாவது முடியும் என்று எல்லோரும் நம்பினார்கள். மறுநாள் காலை கணவர் கண்விழித்தபோது, பக்கத்தில் டீச்சர் விரிப்போடு விரிப்பாகத் தட்டையாகிக் கிடந்தார்.

"அசையாத, ஃபேன் ஓடுது," என்று சொல்லிவிட்டு அவர் முதலில் ஃபேனை நிறுத்தினார். பிறகு மனைவியை இரண்டு கையாலும் தூக்கி, மடிப்பு விழாமல் கொண்டுபோய், ஜன்னல் எதிரே சுவரோடு நிறுத்தினார். செய்தி கேட்ட நாத்தனார் அடுத்த பஸ்ஸில் வந்து, இந்தத் தடவை பையில் டீச்சருடைய போட்டோக்கள் எட்டு கொண்டுவந்தார். தலைமை எழுத்தர் அவற்றை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"பாக்காம எப்படிண்ணே போடுவீங்க?"

"தெரியும்மா," என்றார் அவர்.

கரித்துண்டைப் பிடிக்கத் தெரியவில்லை, பேனாவைப் பிடிப்பது போலத்தான் பிடித்தார். விரலில் அப்பி, சட்டையில் அப்பி, டீச்சரின் காதை ஏழெட்டு முறை அழித்துப் போட்டார். ஆனால் கண் எவ்வளவு உள்ளே, கன்னம் எங்கே இறங்குகிறது, மேலுதட்டுக்கு மேலே நிழல் எத்தனை மெல்லியது என்பதில் அவர் கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை. டீச்சர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நாள் ஆனது. முடித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது.

"அழிச்சுட்டுத் திரும்பப் போடட்டுமா?"

டீச்சர் கண்ணாடியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "வேண்டாம். அறுபது மார்க் போடலாம்," என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஒரு மணி நேரம் கணவர் நிற்கிறார், அடுத்த ஒரு மணி நேரம் டீச்சர். தெருவில் அவர்களைத் தெரிந்தவர்கள் எதிரே வந்து நின்று பேசுகிறார்கள், காற்று பலமாக இருந்தால் இருவரும் பறந்துவிடாமல் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வீட்டுச் சமையலறை மிகவும் ஒடுக்கம், முன்பெல்லாம் ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது காலையில் இருவரும் ஒன்றாகவே உள்ளே போய்க் காப்பி போடுகிறார்கள்.