சட்டம் போட்ட தாள்

என் தங்கை இவெலிஸ் சட்டம் போட்டுக் கொண்டுவந்த தாளைக் கூடத்தில் மாட்டுவதற்காக என் நாட்காட்டியைக் கழற்றச் சொன்னாள் அம்மா. அவளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும் வேளைகளை அதில்தான் குறித்து வைத்திருந்தேன். ஒன்பது வருடமாக நாளுக்கு மூன்று வேளை விடுகிறவள் நான். இவெலிஸ் ஓர்லாண்டோவிலிருந்து வந்து நான்கு நாள்தான் இருந்தாள்.

அந்தத் தாள் 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு பக்கம். எங்கள் மலையூரான உத்துவாதோவில் ஒரு வீடு. குடும்பத் தலைவன் எலெயுத்தேரியோ மல்தொனாதோ, காப்பித் தோட்டக் கூலி. மனைவி, இரண்டு மகன்கள், கடைசி வரியில் அம்மாவின் பெயர், ப்ரொவிதென்சியா, வயது ஆறு. இவெலிஸ் வரி வரியாக வாசித்துக் காட்டியபோது அம்மா விம்மி விம்மி அழுதாள். அவளுடைய அப்பாவுக்கு ஒரு படம்கூட இல்லாத வீடு இது. "எங்கப்பாவ என் கையில கொண்டாந்து குடுத்துட்டா எம்பொண்ணு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அருகிலேயே நின்று அவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த நான் யாராம்?

தங்கை விமானம் ஏறியதும் பூதக்கண்ணாடியை எடுத்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், மறைப்பானேன். வெகுநேரம் ஆகவில்லை. எங்கள் ஊரில் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் முதலில் அப்பாவின் குடும்பப் பெயர், அடுத்து அம்மாவுடையது. தாளில் இருந்த சிறுமி மல்தொனாதோ வேலெஸ். எங்கள் அம்மா மல்தொனாதோ சோத்தோ. ஓர்லாண்டோவுக்குப் போய்த் தன் இரண்டாவது குடும்பப் பெயரையே உதிர்த்துவிட்ட தங்கை, தேடும்போதும் முதல் குடும்பப் பெயரோடு நின்றுவிட்டாள். இது வேறு எவளோ ஒருத்தியின் அப்பா. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அம்மா சமையலறையில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது உன் அப்பா இல்ல. அந்தப் புள்ள வேலெஸ். நீ சோத்தோ."

அவள் கை நிற்கவில்லை. "அவ வாசிக்கும்போதே தெரியும். எங்கம்மா பேரு எனக்குத் தெரியாதாடி?"

"அப்புறம் எதுக்கு அழுத?"

"ரெண்டு மாசமா தினம் வேலை முடிஞ்சு வந்து எனக்காக உக்காந்து தேடிருக்கா. என்னைய யாருடி அப்படித் தேடிருக்கா?"

"நான் இங்கயேதானேம்மா இருக்கேன். தேட என்ன இருக்கு?"

"ஆமா, நீ இருக்க" என்றாள், அடுப்பில் சோறு இருக்கிறது என்பதுபோல. "அவகிட்ட சொல்லித் தொலைக்காத, என்ன? பாவம். மணி மூணு ஆயிருக்குமே, சொட்டு விடு."

கூடத்து நாற்காலிக்கு வந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். இடது கையால் அவள் இமையை விலக்கினேன். குப்பியின் முனையில் சொட்டு திரண்டு நின்றது. அகல விரிந்த அவள் கண் என்னைத் தாண்டிச் சுவரில் மாட்டிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது.