யார் நாக்கு சொன்னது

...அப்படியே முதலிடம் என்றாலும் யார் கொடுத்த முதலிடம், உள்ளே வந்து உட்கார்ந்து தின்று பார்த்தார்களா, இல்லை வாசலில் நின்று பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் போய் எழுதினார்களா என்று இஞ்சித் தோலைக் கரண்டி விளிம்பால் சுரண்டிக்கொண்டே அவள் யோசித்தாள், நேற்றிலிருந்து இதே யோசனைதான், பல் துலக்கும்போதும் இதுதான், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோதும் இதுதான். ஊரிலேயே சிறந்த சீன உணவகங்கள் என்று வார இதழில் ஒரு பட்டியல், அதில் எல்லாவற்றுக்கும் மேலே இவர்கள் கடை. கொழுந்தன் அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டிவிட்டான், கல்யாணப் படத்துக்கே சட்டம் போடாத குடும்பம் இது, அந்தப் படம் இன்னும் அலமாரியில் போர்வைக்கு அடியில் கிடக்கிறது, பட்டியலுக்கு மட்டும் பொன்னிறச் சட்டம். அதுகூடப் போகட்டும், அதில் எழுதியிருப்பது என்ன, வறுத்த வாத்தின் தோல் கண்ணாடி போல நொறுங்குகிறதாம்... வாத்து வறுக்கும் பெரிய அடுப்பு கெட்டுப்போய், சரிபண்ண ஆள் வராமல், வாத்தே வேண்டாம் என்று நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, இல்லாத வாத்தை எந்த வாயால் தின்றார்கள்? கொழுந்தனிடம் கேட்டாள். “தம்பி, நம்மகிட்டதான் வாத்தே கெடையாதே, இவங்க எங்க போய் தின்னாங்க?” அவன் சட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, “வீடு தேடி வந்த சீதேவிய யாராச்சும் எட்டி உதைப்பாங்களா அண்ணி? எப்பவோ வந்து தின்னிருப்பாங்க, விடுங்க” என்றான். அவன் முகத்தையே பார்த்தாள். யாருக்காவது விருந்து வைத்தானா, யார் கையிலாவது எதையாவது திணித்தானா... இவன் வாயைக் கழுவிக் காயப்போட்டால்கூட அது தானாகப் பேசும், இப்படி ஒன்றைச் செய்திருந்தால் இந்நேரம் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பான். அப்படியானால் அவன் செய்யவில்லை. அப்படியானால் அந்த ‘எப்பவோ’தான் மிச்சம்.

எப்பவோ என்றால் வாத்து இருந்த காலம், அதாவது காய்ச்சலுக்கு முன்பு. அங்கேதான் அவளுக்கு முள் குத்தியது. அப்போது அடுப்படியில் இருந்த நாக்கு அவள் புருஷனுடையது. சீன முதலாளி ஒருவரின் கடையில் பாத்திரம் கழுவப் போய், அடுப்புக்கு நகர்ந்து, அந்த முதலாளியே ஒரு நாள் ‘இனி நீ தனியா கடை வச்சுக்க’ என்று அனுப்பிய மனிதர் அவர், அந்த நாட்களில் இவள் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள், குழம்பு கொஞ்சம் காரமோ என்று ஒரு தடவை வாய்விட்டதற்கு, “உனக்கு இதுல என்ன தெரியும், நீ சில்லறையப் பாரு” என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார், சொன்னதில் கோபம்கூட இல்லை, மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது, எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தான், படுத்தார், எழுந்தார், எழுந்த அன்று காலை வைத்த காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சுடுதண்ணியா குடுத்த?” என்றார். அவள் வாங்கிக் குடித்துப் பார்த்தாள், நல்ல காப்பி. அப்புறம் வெங்காயத்தை நறுக்கி மூக்கில் வைத்துக்கொண்டார், சோயாவைக் கரண்டியோடு நக்கினார், வினிகரைக் குடித்தார், கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது, வாயில் ஒன்றுமில்லை. வைத்தியர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதைச் சொல்ல வைத்தியர் எதற்கு, தெருவில் போகிறவன் சொல்ல மாட்டானா... அன்றைக்கு அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நாக்கு செத்த சமையக்காரன்னு தெரிஞ்சா ஒரு பய உள்ள வரமாட்டான், தம்பிக்குக்கூடத் தெரியக் கூடாது” என்றார். கல்யாணத்துக்கப்புறம் அவர் தானாகக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கல்லாவைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு அடுப்படிக்குள் வந்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு சட்டியிலும் ஒரு கரண்டி எடுத்து அவள் பக்கம் நீட்டி, “எப்படி?” என்பார். இன்னும் கொஞ்சம் உப்பு, வினிகர் தூக்கலா இருக்கு, இஞ்சி பத்தல... அவள் சொல்வாள், அவர் செய்வார், எதிர்த்து ஒரு பேச்சு கிடையாது.

ஆகப் பட்டியலை நம்பினால் என்ன ஆகிறது? வாத்து தின்றவர் நிஜமாகவே எப்பவோ வந்திருந்தால், முதலிடம் பழைய நாக்குக்கு, இப்போது இல்லாத ஒரு மனிதருக்கு. வரவே இல்லை என்றால், முதலிடம் காற்றுக்கு. அண்மையில் வந்து தின்றுவிட்டு வாத்தை மட்டும் யாரோ எழுதியதில் பார்த்து எழுதியிருந்தால்... அந்த மூன்றாவது நினைப்பு வந்ததும் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள், அந்த நினைப்பை நெருங்கக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது. சந்தையில் காலையில் பட்டியலின் இரண்டாமிடத்து அம்மாவைப் பார்த்திருந்தாள். நிஜமான சீனக் குடும்பம், அடுத்த தெருவில் கடை, விடுமுறை நாளில் இவளும் அவருமே அங்கே போய்த்தான் சூப் குடிப்பார்கள், அந்தச் சூப்புக்கு முன்னால் இவர்கள் சூப் கைகட்டி நிற்க வேண்டும், அது இரண்டாமிடமாம், இது முதலிடமாம், எந்தக் கண்ணில்லாத தராசு நிறுத்தது என்று நினைத்துக்கொண்டே இவள் கீரைக் கட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தாள், அந்த அம்மா விடவில்லை, பக்கத்தில் வந்து சிரித்தாள். “சந்தோஷம். போன மாசம் நாங்க வந்தோம், நீங்க உள்ள இருந்தீங்க போல. மீன் சாப்பிட்டோம். முன்ன மாதிரி இல்ல.” இவள் அவசரமாகக் கேட்டாள், “நல்லா இல்லையாம்மா?” “நல்லா இருந்துச்சு. வேற கை.” அவ்வளவுதான் சொன்னாள், வெங்காயத்தாளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அது பாராட்டா, குத்தலா, உன் குட்டு எனக்குத் தெரியும் என்பதா? அந்தச் சிரிப்பு உதட்டிலிருந்து வந்ததா, பல்லிலிருந்து வந்ததா? வேற கை... வழியெல்லாம் அந்த இரண்டு சொல்லையும் மிட்டாய் போல வாயில் ஒதுக்கிக்கொண்டு வந்தாள், சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்படாமல் ருசி பார்த்துக்கொண்டு வந்தோமே என்று கடை வாசலில்தான் உறைத்தது.

மத்தியானம் கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். இத்தனை நாள் இந்தத் தெருவில் கடை இருப்பதே தெரியாதவர்கள், சட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், வாத்து உண்டா என்கிறார்கள், கொழுந்தன் கூசாமல், “இன்னிக்குத் தீந்துருச்சுங்க” என்கிறான். உள்ளே அவர் பெரிய சட்டியை எகிறவிட்டுப் பிடிக்கிறார், தீ சட்டிக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, பக்கத்து அடுப்பில் அவள் எண்ணெயில் பூண்டு போட்டுவிட்டு நிற்கிறாள், நிற்கிறாளே தவிர மனசு சந்தையிலேயே இருக்கிறது, அந்த அம்மா வெங்காயத்தாளைப் பொறுக்கிய விரலிலேயே இருக்கிறது... “பூண்டு கருகுது” என்றார் அவர். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர், திரும்பாமல். அவள் சட்டென்று அடுப்பை அணைத்தாள். பூண்டு கருகியிருக்கவில்லை, கருகப் போகிற பொன்னிறம், அவளுக்கே அப்போதுதான் வாசம் மூக்கில் ஏறியது. அவருக்கு எப்படித் தெரிந்தது? சத்தத்தில் தெரிந்திருக்கலாம், பூண்டு வேகும்போது ஒரு சத்தம், கருகும்போது ஒரு சத்தம், காலமெல்லாம் அடுப்படியில் நின்ற காதுக்கு அது தெரியாதா. தெரியும். ஆனால் தலைக்கு மேல் புகைபோக்கி இரைகிறது, வெளியே ஆட்கள் இரைகிறார்கள், பாத்திரம் இரைகிறது, இதில் ஒரு கைப்பிடி பூண்டின் சத்தம்... இல்லை, காதுதான், காதாகத்தான் இருக்க வேண்டும். காதாக இருக்க வேண்டும் என்று நான் ஏன் இப்படி மன்றாடுகிறேன்?

அவர் சூப்பில் கரண்டியை விட்டெடுத்து, ஊதி, வழக்கம் போல நீட்டினார். “எப்படி?” வாயில் வாங்கினாள். உப்பே இல்லை. மறந்திருக்கிறார், அவசரத்தில் அடியோடு மறந்திருக்கிறார், கோழியும் இஞ்சியும் இருக்கின்றன, நடுவில் முதுகெலும்பு இல்லாமல் சூப் தொங்குகிறது. சொல்ல வாயெடுத்தாள், வேறு ஒன்று வந்தது. “சரியா இருக்கு.” சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது. அவர் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அவளைப் பார்த்தார், கண்ணையா, கண்ணுக்குக் கீழேயா, எங்கே பார்த்தார் என்று தெரியவில்லை, ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். உப்பு ஜாடி அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. கிண்ணங்களில் ஊற்றினார், வெங்காயத்தாள் தூவினார், ஜன்னல் வழியாகத் தள்ளினார். கொழுந்தன் வந்து எடுத்துக்கொண்டு போனான்.

என்ன காரியம் செய்தேன், வெள்ளைச் சட்டைக்காரர் மேசைக்கு அது போகிறது, சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர், கூடவே மனைவி, இப்போது முகம் சுளிப்பார், கிண்ணத்தைத் திருப்பி அனுப்புவார், ‘இதுவா முதலிடம்’ என்று ஊர் சிரிக்கும்... உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு ஓடலாமா என்று காலைக்கூட எடுத்து வைத்தாள். கதவு இடுக்கில் பார்த்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். மனைவி பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், அந்த அம்மாளும் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகத் தலையாட்டினாள். சட்டத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தார். காலிக் கிண்ணங்களோடு கொழுந்தன் உள்ளே வந்தான், முகமெல்லாம் பல். “அண்ணே, இப்படி ஒரு சூப்பக் குடிச்சதே இல்லையாம். எல்லாம் அளவோட இருக்காம். உப்புக்கூடத் தூக்கலா இல்லாம, அதான் சீனத்து ருசியாம்.” அவன் போன பிறகும் அந்த வார்த்தைகள் ஆவியோடு அங்கேயே நின்றன. எழுதினவன் தின்னாமல் எழுதினான், தின்றவன் படித்துவிட்டுத் தின்றான், நாக்கு என்ற ஒன்றை யாராவது இந்த ஊரில் வாய்க்குள் வைத்திருக்கிறார்களா? இந்தப் பட்டியலை யாரும் காசு கொடுத்து வாங்கத் தேவையே இல்லை, தின்கிறவர்களே தங்கள் நாக்கைக் கழற்றி வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வருகிறார்கள்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். தெரியாமல்தான் அனுப்பினாரா? தெரியாது என்றால், இவளும் அவருக்கு ஒரு பட்டியல்தான், மேலே எழுதியிருப்பதை நம்பி ஊற்றிவிட்டார், அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை. தெரிந்தே அனுப்பினார் என்றால்... தெரிந்தே என்றால் எப்போதிலிருந்து தெரியும், நேற்றிலிருந்தா, மழைக்காலத்திலிருந்தா, அந்தச் சீனத்து அம்மா தின்ற மீனுக்கு முன்பா பின்பா, அப்புறமும் எதற்காகச் சட்டிக்குச் சட்டி கரண்டியை நீட்டிக்கொண்டிருக்கிறார், தெரிந்த மனுஷன் எதற்காக அவள் சொன்ன பொய்யைக் கிண்ணத்தில் ஊற்றி அனுப்புகிறார்? கேட்டுவிடலாம். மூன்று சொல்தான், ‘உங்களுக்கு ருசி வந்துருச்சா’, கேட்டால் தீர்ந்தது. வந்துவிட்டது என்று சொல்லிவிட்டால்... நல்ல சேதிதானே, சாமிக்கு நேர்ந்துகொண்ட சேதிதானே அது. நேர்ந்துகொண்டாளா? காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டது நினைவிருக்கிறது. நாக்குக்கு நேர்ந்துகொண்டாளா என்று எவ்வளவு தேடியும் அவளுக்கு நினைவு வரவில்லை.

“இந்தா” என்றார் அவர். மீன் சாறு, ஒரு கரண்டி, நுனியில் இஞ்சித் துணுக்கு, சுடும் என்று அடியில் இன்னொரு கையைக் குவித்துப் பிடித்திருந்தார். “எப்படி?” அவள் குனிந்து வாயில் வாங்கிக்கொண்டாள், விழுங்காமல் நாக்கிலேயே வைத்திருந்தாள், அவர் காத்துக்கொண்டிருந்தார், வெளியே யாரோ வாத்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.